கலங்கரை விளக்கப் புத்தகம்

அம்மாவை அடக்கம் செய்து ஒரு வாரம் கழிந்ததும் ருஷ்தா அன்ரி தொலைபேசியில் அழைத்தார். அம்மாவோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவர். சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மகள், கேக்கிறதுக்கு வெக்கமா ஈக்குது. டோரினுக்கு நான் குடுத்த புத்தகங்கள் அங்கதானே ஈக்குது?"

"ஓம் அன்ரி. அலுமாரிக்குள்ள அடுக்கி வச்சிருக்கிறா. எல்லாத்தையும் கொண்டு வந்து தாறன்."

"எல்லாம் வேணாம். அந்தக் கலங்கரை விளக்கம் போட்டது மட்டும் வந்தாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன் என்றேன்.

கலங்கரை விளக்கம் என்பது அந்தப் புத்தகத்தின் தலைப்பு அல்ல. அதன் மேல் அம்மா போட்டிருந்த உறையில் இருந்த படம். இதை விளக்க வேண்டுமென்றால் அம்மாவின் கடைசி வருடத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அவர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

அம்மாவின் பெயர் டோரின். கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே இறந்தார். அப்பா ஹெக்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார்; நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது காலமானார். அம்மா கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் ரெலிபோன் ஒப்பரேற்றர். வருகிற அழைப்பை எடுப்பது, யாருக்கு என்று கேட்பது, இணைத்துவிட்டு விலகிக்கொள்வது. விலகிக்கொள்வதுதான் தொழில் ஒழுக்கம். யாரோ ஒருவர் பதற்றமாக "சேர், கப்பல்..." என்று தொடங்குவார். அதற்கு மேல் அம்மா கேட்கக் கூடாது. கேட்கவும் இல்லை.

"எத்தினை கதையின்ட முதல் வரி கேட்டிருப்பன் தெரியுமே? ஒண்டின்ட முடிவும் தெரியாது," என்பார்.

அதே நிறுவனத்தின் முன் மேசையில் இருந்தவர் ருஷ்தா அன்ரி. மேசைக்குக் கீழே எப்போதும் ஒரு புத்தகம் விரித்திருக்கும். அம்மாவுக்கு அது பெரிய பகிடி. "ருஷ்தா, கப்டன் வந்து நிக்கிறார். கதாநாயகியைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கோ," என்று மேலிருந்து இன்ரகொம்மில் சொல்வாராம். ருஷ்தா அன்ரியும் விடமாட்டார். "நான் புத்தகத்துல வாசிக்கிற. நீங்க ரெலிபோன் வயருல ஒட்டுக் கேக்கிற. யாருக்குப் பாவம் கூட?"

ஓய்வு பெற்ற பிறகும் அம்மா வாசிக்கவில்லை. காலையில் மாதா கோயிலில் பூசை, பிறகு சந்தை, பின்னேரம் தொலைக்காட்சி. ஞாயிறு மதியம் வெள்ளவத்தையில் என் ஃபிளற்றுக்கு பஸ்ஸில் வருவார். வரும்போதெல்லாம் மீன் கொண்டு வருவார், வெள்ளவத்தை மீனில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

போன வருடத் தொடக்கத்தில் ருஷ்தா அன்ரியின் கொம்பனித்தெரு வீட்டை இடித்தார்கள். மாற்றாகக் கிடைத்தது பக்கத்து மாடிக் கட்டடத்தில் ஒரு சிறு வீடு. புத்தகப் பெட்டிகள் நடைவழியில் கிடந்தன. கரப்பான் வருகிறது என்று மருமகள் சத்தம் போட்டார். கிரகப்பிரவேசத்துக்குப் போல ஒரு கேக்கோடு பார்க்கப் போன அம்மா, அந்தச் சத்தத்தின் நடுவே வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"என்னட்டத் தாங்கோவன். வாசிச்சும் பாக்கிறன்."

ருஷ்தா அன்ரி சிரித்தாராம். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். மாதம் ஒரு புத்தகம். எதைத் தருவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். வாசித்ததைப் பற்றி வருடம் முடியும்வரை அம்மா வாய் திறக்கக் கூடாது. டிசம்பர் கடைசியில் இருவரும் வெள்ளவத்தையில் என் வீட்டில் சந்திப்பார்கள். அப்போது அம்மா எல்லாவற்றிலும் தனக்குப் பிடித்தது எது என்று ஒன்றை எடுத்து வைக்க வேண்டும்.

"ஏன் அப்பிடி?" என்று அம்மா கேட்டிருக்கிறார்.

"நீங்க முதல் வரியில தீர்ப்புச் செல்ற ஆள். அதுக்குத்தான்."

இரவல் புத்தகத்துக்கு உறை போடாமல் அம்மா கையில் எடுக்கமாட்டார். என் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கும் அப்படித்தான். ஆட்டுப்பட்டித்தெருவில் ஒரு ஹாட்வெயார் கடை வருடாவருடம் பெரிய கலண்டர் தரும். மாதத்துக்கு ஒரு தாள், தாளுக்கு ஓர் இலங்கைக் காட்சி. மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்துக் கொண்டுபோய், அடுத்த மாதப் புத்தகத்துக்கு ருஷ்தா அன்ரியின் வீட்டிலேயே உறை போடுவார். உறையில் பெயர் எழுதமாட்டார். அதனால் எல்லாப் புத்தகங்களும் அவற்றின் படத்தாலேயே அழைக்கப்பட்டன. உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யானைப் புத்தகத்தில் யானை இல்லை. தன் இடமாற்றக் கடிதத்தை மனைவியிடம் மறைக்கிற ஒரு நகரசபைக் கிளாக்கர் இருந்தார். நீர்வீழ்ச்சிப் புத்தகத்தில் தண்ணீரே இல்லாத ஊரில் வேலை செய்யும் ஒரு பெண் டொக்டர். தேயிலைத் தோட்டப் புத்தகத்தில் ஒரு கொலை.

ருஷ்தா அன்ரியிடம்தான் பேசத் தடை. என்னிடம் இல்லை. மீன் கழுவிக்கொண்டே பேசுவார்.

"இந்த யானையில வாற கிளாக்கர் இருக்கிறானே, வாயைத் திறந்தால் முதலாம் பக்கத்திலயே பிரச்சினை முடிஞ்சிரும். திறக்கமாட்டான். உன்ர அப்பா மாதிரி."

நீர்வீழ்ச்சியை பஸ்ஸில் வாசித்து அழுதிருக்கிறார். பக்கத்து ஆசனச் சிங்களப் பெண் ஒருத்தி, "அம்மே, யாரும் செத்துட்டாங்களா?" என்று விசாரித்திருக்கிறாள். "இன்னும் இல்ல. ஆனா அடுத்த பக்கத்தில சாகப் போறா போலக் கிடக்கு," என்று அம்மா சிங்களத்தில் பதில் சொன்னாராம். கொலைகாரன் யார் என்று தேயிலைத் தோட்டத்தின் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டார். அது பிழை என்று கடைசியில் தெரிந்ததும் எழுத்தாளர் மேல் கோபம். மயில் படம் போட்டது கவிதைப் புத்தகம். "இதுக்குள்ள கதை எங்க பிள்ளை?" என்று கேட்டு மூடி வைத்தார். பிறகு ஒரு ஞாயிறு, மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருந்தபோது, அதிலிருந்து ஒரு முழுக் கவிதையைப் பார்க்காமல் சொன்னார். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நவம்பரில் ஒரு காலை, பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. கீழ்வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் வெள்ளவத்தையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

டிசம்பர் வரவில்லை.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்தேன். யானை இருந்தது. நீர்வீழ்ச்சி, மயில், தேயிலை, மற்றவை எல்லாம் மாத வரிசைப்படி இருந்தன. கலங்கரை விளக்கம் இல்லை. கட்டில் பக்கத்து மேசையில் ஒரு சின்னப் புத்தகம் தனியாகக் கிடந்தது. உறையில் கடலும் பாறையும். எடுத்துத் திறந்தேன். செபப் புத்தகம்.

ஒக்டோபர் செபமாலை மாதம். ஒவ்வோர் ஒக்டோபர் பிறக்கும்போதும் அம்மா தன் செபப் புத்தகத்துக்குப் புது உறை போடுவார். செப்டெம்பர் தாள் பெரியது. ஒக்டோபர்ப் புத்தகமும் செபப் புத்தகத்தைப் போலவே கையடக்கமானது. ஒரே தாளை இரண்டாக வெட்டியிருக்கிறார். மேல் பாதியில் கலங்கரை விளக்கமும் கடலும். கீழ்ப் பாதியில் கடலும் பாறையும்.

நான் மேசையடியில் உட்கார்ந்துவிட்டேன். மேல் பாதி எங்கே போனது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் உறுதி செய்ய வேண்டியிருந்தது. நான் ஒரு கொங்கிறீற் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற பொறியியலாளர். ஊகத்தை அறிக்கையில் எழுதுவதில்லை.

கனடாவிலுள்ள உறவினர்களுக்கு அனுப்புவதற்காகச் சவப்பெட்டியருகே எடுத்த படங்கள் என் போனில் இருந்தன. அதுவரை ஒன்றையும் திறந்து பார்த்திருக்கவில்லை. பார்த்தேன். அம்மாவின் கைகளைப் பெரிதாக்கினேன். வெள்ளைச் சரிகைக் கையுறை, விரல்களைச் சுற்றிச் செபமாலை, செபமாலைக்கு அடியில் புத்தகம். புத்தகத்தின் மேல் வெள்ளையாக ஒரு கோபுரம். உச்சியில் விளக்குக் கூண்டு.

அம்மாவின் தங்கை கொன்ஸ்ரன்ஸ் சின்னம்மா இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். அம்மாவைப் பெட்டியில் வைக்க ஆயத்தம் செய்த மலர்ச்சாலைக்காரர் "பிரேயர் புக் இருக்கா மிஸ்?" என்று கேட்டபோது அறைக்குள் ஓடிப்போய் எடுத்துக் கொண்டு வந்தவர் அவர்தான். நான் போனபோது வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சின்னம்மா, அம்மாட கையில வச்ச புத்தகம் எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"கட்டிலடி மேசையில. ஏன்?"

"அதில ரெண்டு புத்தகம் இருந்திருக்கும்."

"ஓம், ஒரே மாதிரி ரெண்டு. ஒண்டு கதைப் புத்தகம், ஒண்டு செபப் புத்தகம். நான் என்ன குருடியா? ஒண்டு புதுசு மாதிரிக் கிடந்தது, மடிப்பே விழேல்ல. மற்றது மூலையெல்லாம் தேஞ்சு, பக்கம் ஊதி, அட்டை கறுத்துப் போயிருந்தது. அதுக்குள்ள செபமாலையும் வச்சிருந்தா. அதுதானே செபப் புத்தகம்?"

நான் கையிலிருந்ததைத் திறந்து காட்டினேன்.

சின்னம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்தார். கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தைப் பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார்.

"அப்ப நான் அக்காவைக் கதைப் புத்தகத்தோடயா அனுப்பினனான்?"

"அம்மாவுக்குச் செபமெல்லாம் மனப்பாடம் சின்னம்மா. இதை அவ திறந்திருக்கவே மாட்டா."

"செபமாலையைப் போயும் போயும் பக்க அடையாளத்துக்கு வைக்கிறதே, நிலூஷா? மோட்ச வாசலில சம்மனசு வந்து கேட்டா என்ன சொல்லப் போறா?"

"எங்க நிப்பாட்டினனெண்டு சொல்லுவா."

சின்னம்மாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. அவர் அழுது முடியும்வரை நான் மிச்சக் கீரையை ஆய்ந்தேன். போகும்போது, "அந்த முஸ்லிம் மனுசிட்ட நான்தான் பிழை விட்டனான் எண்டு சொல்லு. புதுசா ஒண்டு வாங்கிக் குடுப்பம்," என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு புத்தகம்தானே, இன்னொரு பிரதி கிடைக்கும்.

ஞாயிறு மற்றப் புத்தகங்களை இரண்டு பைகளில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். செபப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன், சொல்வதை நம்பவைக்க. கொம்பனித்தெரு நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். லிப்ற் வேலை செய்தது. மருமகள் பிள்ளைகளோடு வெளியே போயிருந்தார். ருஷ்தா அன்ரி கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார்.

தேத்தண்ணி போட்டார். பையிலிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். யானை, மயில், நீர்வீழ்ச்சி. கை பையின் அடிவரை போய் வெறுமையாகத் திரும்பியது.

நான் நடந்ததைச் சொன்னேன். உறையை வெட்டியது, செபமாலை, சின்னம்மா, படம். சுருக்கமாகத்தான் சொன்னேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பாறைப் பாதியை அவர் முன் வைத்தேன்.

"அன்ரி, புத்தகத்தின்ட பேரைச் சொல்லுங்கோ. எங்கயிருந்தாவது எடுத்துத் தாறன். லைப்ரரிகளில தேடுறன், இன்ரநெற்றில ஸ்கான் பண்ணிப் போட்டிருப்பாங்கள்."

"இல்ல மகள். இல்ல." அவர் பாறை உறையைத் தடவிக்கொண்டிருந்தார். "அது என்ட வாப்பா எழுதின."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பேரு அவருடய இல்ல. புனைபேர் வச்சிருந்தார். டோரினுக்குத் தெரியாது. தெரியக் கூடாது எண்டுதான் நடுவில சேத்துக் குடுத்த."

பிறகு அவர் சொன்னது இது. வாப்பா பகலில் ஒரு கடையில் கணக்கெழுதினார். வீட்டுக்கு வந்தால் கதை எழுதினார். உம்மா தையல் மெஷினில் மற்றவர்களின் சட்டைகளைத் தைத்துக் குடும்பத்தை ஓட்டினார். ஒரு நாள் வாப்பா சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொடுத்து அந்த ஒரு புத்தகத்தை அச்சடித்தார். யாரும் வாங்கவில்லை. கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது. வாப்பா மௌத்தாகி அடக்கமும் முடிந்த பிறகு உம்மா அவற்றைப் பழைய கடதாசியாக நிறுத்துக் கடலைக்காரனுக்குப் போட்டார்.

"காலிமுகத்திடலுக்குப் போய்க் கடலை வாங்கினா, சுருள விரிச்சா வாப்பாட பக்கம். எனக்கு அப்ப பதினெட்டு வயசு. நான் உம்மாட பக்கம். வாசிக்காம கசக்கிப் போட்ட. ஒண்டே ஒண்டு எப்பிடியோ தப்பி ஈந்த. அதயும் நான் வாசிக்கல்ல."

"இவ்வளவு காலமும்?"

"உலகத்துல ஈக்கிற கதையெல்லாம் வாசிச்ச, மகள். அத மட்டும் தொறக்கல்ல. நல்லா இல்லாட்டி, உம்மா சும்மா கண்ணக் கெடுத்துக்கிட்டா எண்டு ஆகும். நல்லா ஈந்தா..." அவர் உறையின் மடிப்பை நீவிவிட்டார். "டோரின்ட வாயில பொய் வராது. அவ வாசிக்கட்டும். எல்லாத்தோடயும் சேத்துப் பாத்துச் செல்லட்டும். அவ அத எடுத்து வச்சா நான் வாசிக்கிற. வைக்காட்டி மூடி வைக்கிற. அதுக்குத்தான் வருஷம் முழுக்கக் காத்திருந்த."

எங்கள் கூடத்திலும் அப்படித்தான். சோதனைக்கு வரும் கொங்கிறீற் கட்டிகளில் இலக்கம் மட்டும் இருக்கும். எந்த ஒப்பந்தகாரருடையது என்று சோதிப்பவருக்குத் தெரியாது. சரியான முறை. முடிவு மட்டும் வந்து சேரவில்லை.

"குழியத் தோண்டி..." என்று தொடங்கிய ருஷ்தா அன்ரி, உடனே தலையை ஆட்டினார். "இல்ல. அஸ்தஃபிருல்லாஹ். அப்பிடி நினைக்கவும் கூடாது."

நான் போனை எடுத்தேன். அம்மாவின் கைகள் இருந்த படத்தைத் திறந்து பெரிதாக்கி அவரிடம் கொடுத்தேன்.

"அன்ரி, மற்றப் புத்தகங்களைப் பாருங்கோ. எல்லாம் ஒருக்கா வாசிச்சு அலுமாரியில வச்சது. மூலை மடியேல்ல. இதைப் பாருங்கோ. பக்கம் ஊதியிருக்கு, ஓரம் கறுத்திருக்கு. ஒக்டோபர் முடிஞ்சும் இதை அலுமாரியில வைக்கேல்ல. நவம்பர்ப் புத்தகம் தொட்ட மாதிரியே இல்லை. அவ திரும்பத் திரும்ப வாசிச்சிருக்கிறா. தேஞ்சிருந்தபடியால்தான் சின்னம்மா மாறி எடுத்தவ."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் படத்தைக் கண்ணருகில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப இததான் எடுத்து வச்சிருப்பா."

"ஓம்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. சொல்லாமல் வைத்திருப்பதற்கும் எனக்கு உரிமை இல்லை.

"ஒக்டோபரில ஒரு ஞாயிறு எங்கட வீட்டு பல்கனியில இதை வாசிச்சுக்கொண்டிருந்தவ. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரேல்ல. பிறகு வந்து சொன்னா, 'நிலூ, இந்த மனுசன் ஒரு தையல் மெஷின்ட சத்தத்தை எழுதியிருக்கிறான். மூண்டு பக்கம். வாசிக்கேக்க காதில கேக்குது' எண்டு."

ருஷ்தா அன்ரி போனை மேசையில் வைத்தார். திரை இருண்டது. கீழே தெருவில் முச்சக்கரவண்டி ஒன்று நிறுத்தாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"மெஷினயா?"

"ஓம்."

"உம்மா செல்லுவா, இந்த மனுசனுக்கு நான் தைக்கிற சத்தம்கூடக் கேக்கிறதில்ல எண்டு. மௌத்தாகும் வரைக்கும் செல்லுவா." அவர் கையை மேசையில் வைத்தார், எடுத்தார். "வேற என்ன சென்னா டோரின்?"

"வேறொண்டும் சொல்லேல்ல, அன்ரி. மீன் ஆறிப்போகும் எண்டு சாப்பிட வந்திட்டா."

"நல்லா யோசிச்சுப் பாருங்க, மகள்."

யோசித்தேன். அன்றைய மீன் பாரை. குழம்பில் புளி கூடிவிட்டது என்று அம்மா சொன்னார். வெயில் கடலில் விழுந்து பல்கனிச் சுவரில் அசைந்தது. புத்தகம் அவர் மடியில் குப்புறக் கிடந்தது. உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. எந்த ஞாயிறும் கேட்டதில்லை, அவரே சொல்லிக்கொண்டிருந்ததால்.

"உம்மாட மெஷின் பழசு," என்றார் ருஷ்தா அன்ரி. "துணிட மூலைக்கு வந்தா நிக்கும். உம்மா கையால சில்லப் புடிச்சு ஒருக்காத் திருப்புவா. அப்பதான் திரும்ப ஓடும். அந்த நிக்கிறதயும் எழுதியிருந்தாரா?"

தெரியாது என்றேன்.

அவர் தலையசைத்தார். பாறை உறை போட்ட செபப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, மற்றவற்றை மாத வரிசைப்படி அடுக்கத் தொடங்கினார். செப்டெம்பர்ப் புத்தகத்துக்கும் நவம்பர்ப் புத்தகத்துக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் விட்டு அடுக்கினார்.